சோரியாசிஸ் மூட்டுவாதம்: உள்சவ்வுக்குள் நடப்பது என்ன?

டாக்டர், அம்மாவுக்குப் பல வருஷமா சோரியாசிஸ். இப்போ விரல் மூட்டெல்லாம் வீங்குது. ரத்தத்துல ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி டெஸ்ட் ரெண்டும் நெகட்டிவ். வாதம் இல்லைன்னு விட்டுடலாமா?

விடாதீங்க. அந்த ரெண்டு டெஸ்ட்டும் சரவாங்கியை (ருமட்டாய்டு மூட்டுவாதம்) கண்டுபிடிக்க உதவுறவை. சோரியாசிஸ் மூட்டுவாதத்துல பெரும்பாலானவங்களுக்கு நெகட்டிவ்தான் வரும். ஆர்.ஏ. ஃபேக்டர் வழக்கமா நெகட்டிவ்னு, 1973ல் மோல், ரைட் என்ற மருத்துவர்கள் வகுத்த வரையறையிலேயே இருக்கு. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பப்பட்டவங்க எத்தனையோ பேர் தாமதமா வர்றாங்க. நகத்துல குழி, விரல் முழுசா வீங்குறது இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. மூட்டுவாத நிபுணர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அப்போ மூட்டுக்குள்ள தாக்குறது எது?

மூட்டின் உள்சவ்வு ஓரிரு செல் அடுக்கே உள்ள மெல்லிய படலம். வழுவழுப்பான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. இந்த நோயில் அங்கே டி செல்கள், மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில்னு நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் வந்து குவியுது. சில செல்கள் இன்டர்லூக்கின்-23 என்ற சமிக்ஞைப் புரதத்தை விடும். அது டி செல்களைத் தூண்டி இன்டர்லூக்கின்-17ஐ வெளியிட வைக்கும். அந்த 17, டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தின் துணையோட சவ்வுச் செல்களையே உசுப்பிவிட்டு இன்னும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கும். வீக்கம் தன்னைத்தானே வளர்த்துக்குது. மூட்டு நீரை எடுத்துப் பார்த்தா, 17ஐச் சுரக்கும் சிடி8 என்ற வகை டி செல்கள் சரவாங்கியைவிட இதில் கூடுதல். ரத்தக் குழாய்களும் வேற மாதிரி: சரவாங்கியில் பெரும்பாலும் நேரா ஓடும், இதில் புதர் மாதிரி சுருண்டு கிடக்கும்.

எனக்குக் குதிகால்லதான் வலி. அதுவும் இதுதானா?

இருக்கலாம். தசைநாண் எலும்போட ஒட்டுற இடம் இந்த நோய்க்குப் பிடிச்ச இடம். அழற்சி அங்கே கிளம்பி, பக்கத்துச் சவ்வுக்குப் பரவுதுன்னு ஒரு வலுவான கருத்து உண்டு. ஆனா எல்லாக் குதிகால் வலியும் சோரியாசிஸ் இல்லை.

எக்ஸ்ரேயில எலும்பு அரிச்சும் இருக்கு, வளர்ந்தும் இருக்குன்னாங்க. ரெண்டும் எப்படி?

ரேங்க்-எல் என்ற புரதம் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டும். பக்கத்திலேயே புது எலும்பும் முளைக்கும். இந்த நோயின் அடையாளமே அதுதான்.

ஊசி போட்டதும் தோல் பளிச்சுன்னு ஆயிடுச்சு, மூட்டு மட்டும் அடங்கலையே?

அடிக்கடி நடக்குறதுதான். 17, 23ஐத் தடுக்கும் மருந்துகளுக்குத் தோல் இறங்கிவரும் அளவுக்கு மூட்டு இறங்காது. மருந்தை மாத்தலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசின்னா முதல்ல டிபி டெஸ்ட் கட்டாயம். குடல் அழற்சி நோய் இருந்தா 17ஐத் தடுக்கும் மருந்தைப் பொதுவா தவிர்ப்போம், அதை மறைக்காம சொல்லிடுங்க.