பெண்களின் மேடைப்பேச்சு வரலாற்றை ஆய்வு செய்து பிழைக்க முடியுமா?

முதுகலை முடிக்கப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பேச்சுக்கலையின் வரலாற்றில், அதிலும் பெண்களின் மேடைப்பேச்சில் ஆய்வு செய்ய ஆசை. அதில் அப்படி என்ன வேலை இருக்கும், பிழைப்பு நடக்குமா என்று. பதினைந்து ஆண்டுகளாக எனக்கு இதுதான் வேலை என்பதால் சொல்கிறேன்.

பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சுக்கலைக்கென்றே தனித் துறை உள்ள பல்கலைக்கழகங்கள் குறைவு. அமெரிக்காவில் இந்த ஆய்வாளர்கள் சிலர் ஆங்கிலத் துறையிலும் சிலர் தொடர்பியல் துறையிலும் இருப்பார்கள். முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதவோ மேடையில் பேசவோ சொல்லிக்கொடுக்கத்தான் பெரும்பாலும் சம்பளம். ஆய்வுக்கு மிச்ச நேரம். நிரந்தர வேலை கிடைக்க நாளாகும்.

சரி, ஆய்வு என்றால் என்ன? பேச்சை எடுத்து வைத்துக்கொண்டு உவமை, அடுக்குத்தொடர் என்று பிரிப்பது என்றுதான் நானும் நினைத்து வந்தேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பேச்சு யார் கைவழியாக நம்மிடம் வந்தது என்று பார்க்க வேண்டும்.

அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத், 1851 மே மாதம் ஓஹையோவின் அக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்று வாரங்கள் கழித்து பத்திரிகை ஆசிரியர் மாரியஸ் ராபின்சன் அதைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். ‘நான் பெண் இல்லையா?’ என்று திரும்பத் திரும்ப வருகிறதே, எல்லோருக்கும் தெரிந்த அந்த வரி, அதில் கிடையாது. 1863-இல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் என்ற பெண்மணி எழுதிய வடிவத்தில்தான் அது வருகிறது. அதில் ட்ரூத் தென் மாநிலக் கொச்சையில் பேசுகிறார், பதின்மூன்று பிள்ளைகள் பெற்றதாகச் சொல்கிறார். உண்மையில் அவர் பிறந்து வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில், தாய்மொழி டச்சு, பிள்ளைகள் ஐந்து பேர்.

இரண்டு ஆண்டுகள் நானும் கேஜ் வடிவத்தையே வகுப்பில் பாடம் நடத்தினேன். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து வரிக்கு வரி படித்தபோது பெரிய வருத்தமாகிவிட்டது. ஆனால் ஒரு இடம் இரண்டிலும் இருக்கிறது. ஆணின் அறிவு ஒரு படி, பெண்ணின் அறிவு அரைப்படி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த அரைப்படியை அவள் நிரப்பிக்கொண்டால் என்ன என்று கேட்கிறார். இது அவர் வாயிலிருந்தே வந்தது என்று நான் நம்புகிறேன். அந்த ஒரு வாதத்தை வைத்தே மூன்று வாரம் பாடம் நடத்தலாம், அவ்வளவு இருக்கிறது.

பழைய காலத்துக்குப் போகப் போக இது இன்னும் கடினம். கி.மு. 42-இல் பணக்காரப் பெண்கள்மீது போட்ட வரியை எதிர்த்து ரோமில் ஹோர்டென்சியா பேசினார். வரி கட்ட வேண்டியவர்கள் 1,400 பேரிலிருந்து 400 ஆகக் குறைந்தார்கள். அந்தப் பேச்சு நமக்குக் கிடைப்பது இருநூறு ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் அப்பியன் கிரேக்க மொழியில் எழுதிய வடிவில்தான்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஏஞ்சலினா கிரிம்கே. 1838 மே 16, பிலடெல்பியாவில் புதிதாகத் திறந்த பென்சில்வேனியா அரங்கில் அடிமை முறையை எதிர்த்துப் பேசுகிறார். வெளியே கும்பல். அச்சான பேச்சின் நடுவே அடைப்புக்குறிக்குள், ஜன்னல்களில் கல் விழுந்தது, உள்ளே சலசலப்பு என்று குறித்திருக்கிறார்கள். அடுத்த வரியிலேயே அவர் அந்தக் கற்களைத் தன் வாதத்துக்குள் இழுத்துக்கொள்கிறார்: ஜன்னல் எல்லாம் உடைந்தால்தான் என்ன, நாம் சொல்வது தவறென்று ஆகிவிடுமா? மறுநாள் இரவு அரங்கத்தைக் கொளுத்திவிட்டார்கள்.

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க, ட்ரூத்தின் இரண்டு வடிவங்களையும் அச்செடுத்து, எங்கெல்லாம் வேறுபடுகின்றன என்று பென்சிலால் கோடு போடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாலைப்பொழுது போதும். கோடு போட்டு முடித்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை என்றால் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள்.