பதில்: கன்ட்ரோல்+ஸ்பேஸ் தமிழுக்கு மாறவில்லை
ஏற்காட்டு நண்பருக்கு வணக்கம். லினக்ஸ் கணினியில் செயலிகளைத் தேடித் திறக்கும் உலாஞ்சர் மென்பொருளை நிறுவியதிலிருந்து கன்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்தினால் தமிழ் வராமல் தேடல் பெட்டி திறக்கிறது, நிரல் எழுதத் தெரியாத நான் யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

இது பழுதில்லை, மோதல். எஃப்சிடிக்ஸ் (தட்டச்சு மொழியை மாற்றும் மென்பொருள்), உலாஞ்சர் இரண்டுக்கும் இயல்பாக அமைந்த விசை அதுதான். அஸ்தம்பட்டியில் எங்கள் அச்சகக் கணினியிலும் இதே தொல்லை. உலாஞ்சர் அமைப்புகளில் ஹாட்கீயை (அதைத் திறக்கும் விசையை) கன்ட்ரோல்+ஆல்ட்+ஸ்பேஸ் என மாற்றினோம், தீர்ந்தது.

ஆனாலும் உலாஞ்சர் உருவாக்குநர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில் அவசியம் இஷ்யூ (குறை அறிக்கை) போடுங்கள். அதற்கு முன் வேறு யாராவது இதைப் பதிந்திருக்கிறார்களா என்று தேடிவிடுங்கள். உலாஞ்சரின் பதிப்பு எண், உங்கள் லினக்ஸின் திரைக்காட்சி அமைப்பு வேலேண்ட்-ஆ எக்ஸ்11-ஆ, எதை அழுத்தியபோது என்ன நடந்தது, இவ்வளவு போதும். ஒரே மொழியில் தட்டச்சு செய்யும் உருவாக்குநர் கண்ணில் இது தானாகப் படாது. நாம்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதி அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன்.