வாசகியர் கேள்வி-பதில்: பீரியட்ஸ் நின்னுடுச்சா, ஓட்டத்தையும் நிறுத்துங்க

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. ஜனவரில மும்பை மாரத்தான்ல ஹாஃப் ஓடணும்னு ஆறு மாசமா பிராக்டிஸ் பண்றேன், வாரத்துக்கு அஞ்சு நாள். வெயிட் 55ல இருந்து 49க்கு வந்துடுச்சு, ராத்திரி சாதத்தை விட்டாச்சு. நாலு மாசமா பீரியட்ஸ் வரல. கூட ஓடற பொண்ணுங்க "இதெல்லாம் சகஜம், தொல்லை விட்டுச்சுன்னு இரு"ங்கறாங்க. இப்போ ரெண்டு வாரமா முழங்காலுக்குக் கீழ எலும்புல ஒரே இடத்துல வலி. ஸ்ப்ரே அடிச்சுட்டு ஓடலாமா? - வாசகி, செம்பூர்

பதில்: வேணாம்மா, டாக்டரைப் பார்க்கற வரைக்கும் ஸ்ப்ரேயும் வேணாம், ஓட்டமும் வேணாம். நீங்க பீரியட்ஸை ஒரு விஷயமாவும் கால்வலியை வேற விஷயமாவும் எழுதியிருக்கீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படுது.

சுமாரா 50 கிலோ இருக்கறவங்க ஒரு கிலோமீட்டர் ஓடினா ஒரு 50 கலோரி செலவாகும், 10 கிலோமீட்டர்னா 500, காலைல ஓடிட்டு வந்து ரெண்டு இட்லி சாப்பிட்டா அதுல பாதிகூட திரும்பி வராது. இப்படி மாசக்கணக்குல பாக்கி விழுந்துக்கிட்டே இருந்தா உடம்பு எங்க செலவைக் குறைக்கலாம்னு பார்க்கும், மொதல்ல மாதவிடாய்க்கான ஹார்மோனைத்தான் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கிடும். நம்ம எலும்பைக் கட்டிக் காப்பாத்தறதே அந்த ஈஸ்ட்ரோஜன்தான், அதனாலதான் பீரியட்ஸ் நின்ன பொண்ணுங்களுக்கு ஓடற அடியில எலும்புல முடி மாதிரி விரிசல் சீக்கிரம் விழுது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்ம்பாங்க. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014ல இந்தப் பிரச்சினைக்கு ரெட்-எஸ்னு பேர் வெச்சு எச்சரிச்சாங்க. அதுவும் உங்க வயசு எலும்பு சேர்த்து வைக்கற வயசு, முப்பதுக்கு அப்புறம் இந்த சேமிப்பு பெருசா ஏறாது, அதனாலதான் சகஜம்னு யாராவது சொன்னா எனக்கு மனசு பதறுது.

கால் எலும்பு நெடுக பரவலா வலிச்சா ஷின் ஸ்ப்ளிண்ட்டா (எலும்பை ஒட்டின தசை, சவ்வுல வர்ற வலி) இருக்கலாம், ஆனா ஒரே விரலை வெச்சு "இங்கதான்"னு காட்ட முடிஞ்சா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சா, விரிசல்னு சந்தேகப்படணும். ஒத்தக்கால்ல குதிச்சு டெஸ்ட் பண்ணிப் பார்க்காதீங்க. ஆர்த்தோ டாக்டர்கிட்ட போங்க, முதல் ரெண்டு மூணு வாரத்துல எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாம போகலாம், அதை வெச்சு "நார்மல்"னு திரும்பி வந்துடாம எம்ஆர்ஐ வேணுமான்னு கேளுங்க. கைனகாலஜிஸ்ட்டையும் பார்த்தே ஆகணும், பிரெக்னென்சி டெஸ்ட், தைராய்டு, புரோலாக்டின்ங்கற ஹார்மோன் எல்லாம் பார்த்துட்டுத்தான் ஓட்டத்தால நின்னுச்சான்னு சொல்ல முடியும். பீரியட்ஸ் வரவைக்கறதுக்கு நீங்களா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்காதீங்க, ரத்தம் வந்துடும், ஆனா உள்ள இருக்கற குறை அப்படியே இருக்கும், எலும்பும் தேறாது.

சாதத்தைத் திரும்ப ஆரம்பிங்க. ஓடறதுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம், ஓடி முடிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள முட்டையோ சுண்டலோ பருப்பு சாதமோ, தினமும் தயிர். ஹீமோகுளோபினும், உடம்புல இருக்கற இரும்புச் சேமிப்பைக் காட்டற ஃபெரிட்டினும் பார்த்துடுங்க, ஹீமோகுளோபின் 12க்குக் கீழன்னா ரத்த சோகை, நம்ம நாட்டுல பாதிக்கு மேல பொண்ணுங்களுக்கு இருக்கு. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தா காபியோட போடாதீங்க, சத்து உடம்புல சேராது, எலுமிச்சை ஜூஸோட போடுங்க.

இந்த ஜனவரி போனா போகட்டும்மா. விரிசல்னா எலும்பு ஒண்ணுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், சில இடத்து விரிசல் இன்னும் இழுக்கும், அதுவரைக்கும் டாக்டர் சரின்னா நீச்சல் அடிங்க. மாரத்தான் வழியில வர்ற பெடர் ரோடு ஏத்தம் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: எனக்கு 47 வயசு, ரெண்டும் நார்மல் டெலிவரி. தாதர்ல லோக்கல் பிடிக்க படி இறங்கி ஓடினா, இருமினா, சிரிச்சா யூரின் லீக் ஆகுது. பேட்மின்டன் சேர்ந்தேன், ஒரு வாரத்துல நிறுத்திட்டேன். வெளிய போற நாள்ல தண்ணியே குடிக்கறதில்ல. இந்த வயசுல இப்படித்தானா? - வாசகி, மாட்டுங்கா

பதில்: இல்லம்மா, சரி பண்ணலாம். போன மாசம் ஒரு அம்மா முட்டிவலின்னு என்கிட்ட பிசியோவுக்கு வந்தாங்க, மருமக போன் பேச வெளிய போனதும் பையைத் திறந்து மடிச்சு வெச்ச மூணு துணியைக் காட்டினாங்க, வாயால சொல்லல. பன்னண்டு வருஷமா அப்படியாம். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. கணுக்கால் பிசகினா ஊரே வைத்தியம் சொல்லுது, இதுக்கு மட்டும் வாயைத் திறக்காம இருக்கோம்.

பிரசவத்துல மூத்திரப்பையைத் தாங்கற அடித்தசை தளர்ந்துடுது. அதுக்கும் எக்சர்சைஸ் இருக்கு, அமெரிக்க டாக்டர் அர்னால்ட் கெகல் 1948லயே எழுதி வெச்சது. காத்துப் பிரியாம அடக்கற மாதிரி, யூரினையும் சேர்த்து அடக்கற மாதிரி உள்ள இழுத்து மேல தூக்கணும், பின்பக்கமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. எட்டு செகண்ட் பிடிச்சு விடுங்க, முடியலன்னா மூணு செகண்ட்ல ஆரம்பிங்க. எட்டு தடவை, தினமும் மூணு வேளை, ரயில்ல லேடீஸ் பெட்டியில உட்கார்ந்துக்கிட்டே பண்ணலாம், யாருக்கும் தெரியாது. யூரின் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, அது தப்பு. இருமல் வரப்போகுதுன்னா அதுக்கு முன்னாடி ஒரு தடவை இறுக்கிக்குங்க. மூணு மாசமாவது விடாம செய்யணும், பத்து நாள்ல கேக்கலன்னு விட்டுடறாங்க எல்லாரும். தண்ணியைக் குறைக்காதீங்க, யூரின் கெட்டியானா எரிச்சல் வரும், இன்ஃபெக்ஷன் வரும். எரிச்சலோ ரத்தமோ இருந்தா, அடி இறங்கின மாதிரி ஏதோ தட்டுப்பட்டா, உடனே கைனகாலஜிஸ்ட்கிட்ட போங்க.

கேள்வி: கபடி ஆடற என் 15 வயசு பொண்ணுக்கு நேத்து கணுக்கால் மடங்கி வீங்கியிருக்கு. மாமியார் சூடா எண்ணெய் விட்டு சுளுக்கு வழிக்கணும்கறாங்க. - தாய், தாராவி

பதில்: முதல் ரெண்டு மூணு நாள் எண்ணெயும் சூடும் வழிக்கறதும் வேண்டாம், வீக்கம் கூடும். ஐஸை துப்பட்டாவுல சுத்தி 15 நிமிஷம், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. விரல்ல இருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுத்தி, காலைத் தலகாணி மேல தூக்கி வைங்க. நாலு அடி நடக்க முடியலன்னா, இல்ல ரெண்டு பக்கக் கணு எலும்போட பின் ஓரத்தை அமுக்கினா வலிக்குதுன்னா, எக்ஸ்ரே எடுத்துடுங்க. வலி குறைஞ்சதும் பல் தேய்க்கற நேரம் ஒத்தக்கால்ல நிக்கச் சொல்லுங்க, அந்த பேலன்ஸ் வராம களத்துல இறக்கினா திரும்ப அதே கால்தான் மடங்கும். என்னைக்காவது முட்டிக்குள்ள "டக்"னு சத்தம் கேட்டு சில மணி நேரத்துலயே வீங்கிச்சுன்னா அது லிகமென்ட் (எலும்புகளைச் சேர்த்துக் கட்டற நார்) கிழிஞ்சதா இருக்கலாம், பொம்பளப் பிள்ளைங்களுக்கு அது அதிகம், அன்னைக்கு ஐஸோட நிறுத்தாம நேரா ஆர்த்தோகிட்ட கூட்டிட்டுப் போங்க.