நடையும் நிமிர்வும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். வயது 41. பதினேழு வயதில் தரையில் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் குனிந்த வேலை. கழுத்துவலி ஓயாமல் இருக்கிறது. முதுகில் கூன் விழ ஆரம்பித்துவிட்டது. “மாமா மாதிரியே ஆயிட்டீங்க” என்று மனைவி சொல்கிறாள்.

டாக்டர் நடக்கச் சொன்னார். எட்டு மாதமாக விடிகாலையில் காந்தி ஸ்டேடியத்தில் நடக்கிறேன். காதில் ஹெட்போன், போனில் பத்தாயிரம் ஸ்டெப் கணக்கு. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் கூனும் வலியும் அப்படியே இருக்கின்றன. நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் ஐந்து நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நண்பர் ஒருவர் ‘மைண்ட்ஃபுல் வாக்கிங்’ என்று ஒரு வீடியோ அனுப்பினார். அதில் அடிமேல் அடிவைத்து ஆமை மாதிரி நடக்கிறார்கள். இதில் உடற்பயிற்சி எங்கே இருக்கிறது? நீங்கள் ஏற்காட்டில் நடப்பது பற்றி எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் மகளும் கூட வருகிறாள், ஒன்பது வயது. அரை ரவுண்டிலேயே சலித்துப்போய் உட்கார்ந்துவிடுகிறாள். அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)
சேலம்

*

அன்புள்ள நண்பருக்கு,

சர்க்கரை இறங்கியதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. பத்து மணிநேரம் பட்டறையில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் இருட்டோடு எழுந்து எட்டு மாதம் நடப்பது சாதாரணம் இல்லை. ஆகவே இனி நான் சொல்லப்போவது எதுவும் நீங்கள் இதுவரை நடந்ததற்கு எதிரானது அல்ல. அதை விட்டுவிடாதீர்கள்.

பத்தாயிரம் கணக்கை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அது மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த எல்லை அல்ல. 1965-ல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. ‘மான்போ-கெய்’ என்று பெயர், ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள். அந்தப் பெயரிலிருந்துதான் எண் உலகமெங்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வேறு கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமான வேகம் என்றால், நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. நிமிடத்துக்குச் சுமார் நூறு அடி வரும். நீங்கள் அதைத் தாண்டித்தான் நடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி கூனுக்கு வருவோம். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது கழுத்துக்கு நேர்மேலே இருக்கும்வரை கழுத்துக்குச் சிரமம் இல்லை. முன்னால் சாயச் சாயச் சுமை ஏறும். கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் 2014-ல் ஒரு கணினி மாதிரியை வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு தாங்கவேண்டிய சுமை 27 கிலோ அளவுக்குப் போகிறது. ஒரு சிப்பம் அரிசிக்கும் மேலே. இருபத்து நான்கு வருடமாக நாள்தோறும் அதைத் தாங்கிய கழுத்து உங்களுடையது.

அந்த முதுகைப் பார்த்து ‘நிமிர்’ என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும்? மேல்முதுகு இறுகிப்போயிருக்கிறது, சட்டென்று அசைந்து கொடுக்காது. உட்கார்ந்தே இருப்பதால் தொடை இடுப்போடு சேரும் இடத்தில், முன்பக்கத் தசையும் இழுத்துப் பிடித்திருக்கும். வளைய இடம் இருப்பது கீழ்முதுகில் மட்டும்தான், அது உள்வாங்கி வளைகிறது. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்த மாதிரித் தெரியும். பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

எனக்கும் இது நடந்தது. மேஜையில் குனிந்து எழுதி எழுதிக் கழுத்து பிடித்துப்போய், தோளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டும் பெல்ட் ஒன்றை வாங்கி இரண்டு மாதம் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கழற்றிய மறுநாளே தோள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் பார்த்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெல்ட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. செருப்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொன்னார். இடது செருப்பு பின்பக்கம் சாய்வாகத் தேய்ந்து வார் தெரிகிற நிலைமையில் இருந்தது. வலது செருப்பு ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. “கழுத்த அப்புறம் பார்க்கலாங்க. மொதல்ல ரெண்டு காலும் ஒரே மாதிரி தரையில விழுதான்னு கேளுங்க” என்றார். பாருங்கள் என்று சொல்லவில்லை, கேளுங்கள் என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன்பு கோரிமேட்டுப் பக்கம், வண்டிகள் ஓட ஆரம்பிக்காத சாலையில் நடந்து கேட்டேன். வலது கால் ‘தப்’ என்று விழுந்தது. இடது கால் ‘சரக்’ என்று இழுபட்டது. தப், சரக், தப், சரக். ஐம்பது வயதுவரை என் நடை எப்படிக் கேட்கும் என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு எதையும் திருத்தவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் நடந்தேன். இரண்டு மூன்று வாரத்தில் அடியின் நீளம் தானாகக் குறைந்தது. கால் எட்டிப்போய் விழாமல், ஏறக்குறைய உடம்புக்குக் கீழேயே விழத் தொடங்கியது. கால் அங்கே விழுந்தால் அதற்கு மேலே இடுப்பு வந்து நிற்கிறது, இடுப்புக்கு மேலே முதுகு வந்து நிற்கிறது. தலையைத் தூக்கவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. இழுத்துப் பிடித்து வைத்த நிமிர்வு நெடுநேரம் நிற்காது என்று நான் சொல்வது இந்த அனுபவத்தை வைத்துத்தான்.

ஆகவே முதலில் ஹெட்போனைக் கழற்றுங்கள். முழு நடைக்கும் வேண்டாம், முதல் பத்து நிமிடம் போதும். உங்கள் காலைக் கேளுங்கள்.

இதைவிடத் தெளிவாக இதை நான் பார்த்தது மேலே ஏற்காட்டில், சேர்வராயன் கோயில் பக்கம் போகும்போது ஒரு காப்பித் தோட்டத்து இறக்கத்தில். முதல்நாள் மழை. சில்வர் ஓக் இலைகள் ஊறி வழிமுழுக்க வழுக்கியது. எனக்கு முன்னால் மலைக்கிராமத்து அம்மா ஒருவர் போய்க்கொண்டிருந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் சும்மாடு, அதன்மேல் விறகுக்கட்டு. கட்டைக் கையால் பிடிக்கவில்லை. செருப்பு கிடையாது. பின்னாலிருந்து அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு போனேன். பாதம் தரையைத் தொட்டதும் விரல்கள் விசிறி மாதிரி விரிந்தன. ஒரு நொடி இடம் பார்த்தது போல நின்றது பாதம். அதற்கப்புறம்தான் எடை இறங்கியது. முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருந்தது. வழி மேலும் கீழுமாகப் போனாலும் விறகுக்கட்டு ஒரே மட்டத்தில் மிதந்துகொண்டு போயிற்று.

நான் சறுக்கினேன். சத்தம் கேட்டு அந்த அம்மா நின்று, தலையை மட்டும் திருப்பாமல் முழு உடம்போடு திரும்பினார். “என்ன கண்ணு, காலு ஒரு பக்கம் நெனப்பு ஒரு பக்கமா வர்ற?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உங்கள் நண்பர் அனுப்பிய வீடியோ சொல்ல வருவதும் இதுதான்.

தலைச்சுமைக்காரர்களின் நடையை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் தலையில் சுமந்து பழகிய பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1986-ல் வெளிவந்தது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் ஏற்றினாலும் அவர்கள் உடம்பு கூடுதல் ஆற்றலைச் செலவிடவில்லை. அவ்வளவு சிக்கனமான நடை. சுமை தூக்குவது நல்லது என்று சொல்லவரவில்லை. அந்த அம்மாவின் கழுத்து என்ன பாடுபடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நமக்கு வேண்டியது அந்தப் பாதம்.

அடிமேல் அடிவைக்கும் அந்த மெதுநடை பௌத்தத் துறவிகளிடமிருந்து வந்தது. பாலி மொழியில் ‘சங்கம’ என்பார்கள். நேரான ஒரு சிறு பாதையில் முன்னும் பின்னுமாக நடந்து, கால் எழுவதையும் நகர்வதையும் ஊன்றுவதையும் கவனிப்பது. இது எங்கிருந்தோ இறக்குமதியான சரக்கும் அல்ல. நம் மாவட்டத்திலேயே, தலைவாசல் பக்கம் தியாகனூரில் பழைய புத்தர் சிலைகள் இன்றும் இருக்கின்றன. ஒருநாள் மகளோடு போய்ப் பாருங்கள், அந்த முதுகு எவ்வளவு இயல்பாக நிமிர்ந்திருக்கிறது என்று. ஆனால் நீங்கள் கேட்டது நியாயம். ஆமை வேகத்தில் நடந்தால் மூச்சு வாங்காது, இதயத்துக்கு வேலை இல்லை. அது தியானம், அதன் நோக்கம் வேறு. அதிலிருந்து கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நம் வேகத்தில் நடப்போம். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, காலைக் கேட்டுக்கொண்டு. அப்புறம் பாட முடியாத வேகம். வேகம் கூடினாலும் கவனம் காலிலேயே இருக்கட்டும். கூலி பாக்கி ஞாபகம் வரும், வாங்கிய கடன் ஞாபகம் வரும். வந்தது தெரிந்ததும் திரும்பக் காலுக்கு வந்துவிடவேண்டும், அவ்வளவுதான். ஒரு ரவுண்டில் இருபது தடவை போய்விட்டு வந்தாலும் பரவாயில்லை.

இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை என்று தோன்றுகிறது. சிவதாபுரத்தில் ஒரு பட்டறையில் பற்றவைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பொடி உருகி இணைப்புக்குள் ஓடும் அந்தக் கணத்தில் வேலை செய்கிறவர் கண் இமைக்கவில்லை. தீ இன்னொரு நொடி அங்கேயே நின்றால் மெல்லிய வெள்ளிக் கம்பியே உருகிவிடும். அந்தக் கவனத்தில் கால்பங்கை உங்கள் குதிகாலுக்குக் கொடுத்தால் போதும்.

பார்வை பத்துப் பதினைந்து அடி தள்ளித் தரையில் இருக்கட்டும், கண் தாழலாம், கழுத்து தாழவேண்டாம். கையை இறுக்கி வீசவேண்டாம், முழங்கையைத் தளர்த்திவிட்டால் போதும். வலது கால் போகும்போது இடது கை தானே முன்னால் வரும். அந்தச் சின்னத் திருப்பம்தான் இறுகிக் கிடக்கும் உங்கள் மேல்முதுகை மெல்ல மெல்ல அசைத்துவிடும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்தத் திருப்பம் ஒரு பக்கம் நின்றுபோகும்.

வாரம் ஒருநாள் மேடு ஏறுங்கள். ஏற்காட்டுச் சாலையில் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். அம்மாபேட்டை குமரகிரி மலைப்படிகள் உங்களுக்கு நல்லது. உட்கார்ந்தே இருந்து சோர்ந்துபோன பின்பக்கத் தசைகளை ஏற்றம் எழுப்பிவிடும். ஏறும்போது இடுப்பில் மடங்காமல் கணுக்காலிலிருந்து முழு உடம்பும் சாயவேண்டும், அடி சின்னதாக இருக்கவேண்டும். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கின்றன. மறுநாள் தொடை வலிப்பது அதனால்தான், பயப்படவேண்டாம். முதல் மாதம் பாதி ஏறித் திரும்புங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். காலையில் முக்கால் மணி நடந்துவிட்டுப் பத்து மணிநேரம் குனிந்தால் நடை தோற்றுப்போகும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, பட்டறை வாசல்வரை போய்த் திரும்புங்கள். முதலாளி முகம் சுளித்தால் தண்ணீர் குடிக்கப் போனதாக இருக்கட்டும். வேலைப் பலகையை நான்கு விரற்கடை உயர்த்த முடியுமா என்று பாருங்கள், கழுத்து குனியும் அளவு உடனே குறையும். கையோ விரலோ மரத்துப்போனால், கையில் பிடிமானம் குறைந்தால், என் கடிதத்தை வைத்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். கழுத்து நரம்பு அழுந்தினால் அப்படி ஆகும், அதற்கு நடை மருந்தாகாது.

மகளுக்கு வருகிறேன். ஒன்பது வயதுக் குழந்தைக்கு ரவுண்டு அடிப்பது சலிக்கத்தான் செய்யும். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் முன்னால் நடங்கள், அவள் பின்னால் வந்து உங்கள் எந்தக் கால் சத்தமாக விழுகிறது என்று கேட்டுச் சொல்லட்டும். குழந்தைகளின் காது கூர்மையானது, தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிடுவார்கள். அடுத்த ரவுண்டில் அவள் முன்னால் போகட்டும். கொலுசு போட்டிருந்தால் கழற்றச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை போட்டிருப்பது நீங்களே பற்றவைத்ததாகத்தான் இருக்கும். இரண்டு காலிலும் அது ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.