மலேவிச்சின் பாதிக் கறுப்புச் சதுரம்: கேள்வி பதில்

1913-ல் ‘சூரியன் மீது வெற்றி’ என்ற இசைநாடகத்துக்காக ரஷ்ய ஓவியர் காசிமிர் மலேவிச் பென்சிலில் வரைந்த படம் பற்றிய கேள்விகள் இவை. ஒரு சட்டத்துக்குள் சதுரம். அதைக் கோடு ஒன்று குறுக்கே சாய்வாக வெட்டுகிறது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெறும் தாள். அவ்வளவுதான் படம்.

கேள்வி: இது சூரிய கிரகணமா?

அப்படிப் பார்க்க இடமிருக்கிறது. கதையில் பலசாலிகள் சூரியனைப் பிடித்துக் கான்கிரீட் வீட்டில் அடைக்கிறார்கள். இந்தப் படம் அதற்குப் பிறகு வரும் ஐந்தாம் காட்சியின் பின்திரைக்கானது. ஆனால் இருட்டு வெளிச்சத்தை மூடுகிறதா, விலகுகிறதா என்று படத்தை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: மலேவிச்சின் புகழ்பெற்ற ‘கறுப்புச் சதுரம்’ ஓவியம் இதிலிருந்துதானே வந்தது?

மலேவிச் நம்மை அப்படித்தான் நம்பச் சொன்னார். அந்த ஓவியம் மக்கள் முன் வந்தது 1915 டிசம்பரில், பெத்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நடந்த ‘0,10’ கண்காட்சியில். ரஷ்ய வீடுகளில் புனிதர் படம் வைக்கும் மூலையில், உயரத்தில் மாட்டியிருந்தார். ஆனால் அது பிறந்த ஆண்டு 1913 என்றே சொல்லிவந்தார். அதே 1915-ல், நாடகத்துக்கு இசையமைத்த மத்யூஷினுக்கு எழுதிய கடிதத்தில், நாடக நூலின் மறுபதிப்பில், மேடைத் திரைக்காகத் தான் வரைந்த படம் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார். அன்று தன்னை அறியாமல் செய்தது இப்போது பலன் தருகிறது என்கிறார். எனக்கு இந்தக் கடிதம்தான் முக்கியமான சாட்சி. வரையும்போது அவர் மனதில் கறுப்புச் சதுரம் இல்லை என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். 2015-ல் மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சிக்கூடம் வெளியிட்ட எக்ஸ்ரே ஆய்விலும், அந்தக் கறுப்புக்கு அடியில் வேறு இரண்டு வண்ண ஓவியங்கள் தெரிந்தன. நேர்க்கோட்டில் வளர்ந்த யோசனை என்றால் அப்படி இருக்காது.

கேள்வி: அப்படியானால் நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

முதலில் மேடைப் படமாக. இதே நாடகத்துக்கு அவர் வரைந்த மற்றப் பின்திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றிலும் பெட்டிக்குள் பெட்டி மாதிரி சதுரம் வருகிறது; உள்ளே பொருள்களின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. சதுரம் அங்கே மேடையின் ஆழம், பின்சுவர். ஐந்தாம் காட்சியில் மட்டும் பொருள்கள் காலியாகி, இருட்டும் வெளிச்சமும் மிஞ்சுகின்றன. கிரகணம் என்ற வாசிப்பையும் இது தள்ளிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும் என்பேன். 1915-ன் கறுப்புச் சதுரத்தை மட்டும் இதற்குள் திணிக்க வேண்டாம்.

கேள்வி: அசல் எங்கே இருக்கிறது?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நாடக, இசை அருங்காட்சியகத்தில். நாடகம் அரங்கேறியதும் அதே ஊரில்தான், லூனா பார்க் அரங்கில்.