கருப்பு சட்டை போட்டா கேஸ் போடுவாங்களா?

கேள்வி: சார், அடுத்த வாரம் எங்க யுனிவர்சிட்டில பட்டமளிப்பு விழா, கவர்னர் வர்றார். நாங்க நாலு பேர் கருப்பு சட்டைல போறதா இருக்கோம், கோஷம்லாம் கிடையாது. எஃப்ஐஆர் விழுந்தா பாஸ்போர்ட்டே கிடைக்காதுன்னு ஒருத்தர் பயமுறுத்துறார், 5,000 குடுத்தா ஸ்டேஷன்ல பேசி வைக்கிறேன்னும் சொல்றார். என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல அந்த 5,000 உங்க பாக்கெட்லயே இருக்கட்டும் தம்பி. போடாத கேஸை எடுத்துத் தர்றேன்னு காசு கேக்குற ஆளுங்க ஒவ்வொரு ஸ்டேஷன் எதிர்லயும் ஒரு டீக்கடைல உக்காந்திருப்பாங்க.

கருப்பு போடக்கூடாதுன்னு இங்க சட்டமே இல்ல. இருந்தா கார்த்திகை மாசம் மாலை போட்ட சாமிங்க எல்லாரையும்ல உள்ள தள்ளணும். என்ன உடுத்துறோம்ங்கறதும் கருத்துரிமைல சேர்த்திதான்னு 2014ல திருநங்கைகள் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆனாலும் 2023ல சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துல கவர்னர் வர்றார், கருப்பு வேணாம்னு சர்க்குலர் விட்டு, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கினாங்க. 2025 ஜனவரில சென்னைல முதல்வர் விழாவுக்கு வந்த பொண்ணுங்களோட கருப்பு துப்பட்டாவை வாசல்லயே வாங்கி வச்சாங்க. மேடைல யார் இருந்தாலும் கீழ இருக்கறவங்களுக்கு அதே நடுக்கம். 1948லயே பெரியாரோட கருஞ்சட்டைப் படைய தடை பண்ணிப் பாத்த ஊரு இது, சட்டை போச்சா என்ன!

சட்டையால சிக்கல் வராது, வாசல்ல பேசுற பேச்சாலதான் வரும். ஹாலுக்குள்ள விடமாட்டேன்னா கையால தள்ளாதீங்க, வேலை செய்ய விடாம தடுத்தான்னு எழுதிருவாங்க. முன்னெச்சரிக்கைன்னு கூட்டிட்டுப் போனா கல்யாண மண்டபத்துல உக்கார வச்சு சாப்பாடு போட்டு சாயங்காலம் விட்டுருவாங்க, இதுதான் வழக்கம், எப்படி இருந்தாலும் அந்த முன்னெச்சரிக்கைக் கைதுப் பிரிவுல 24 மணி நேரத்துக்கு மேல வைக்க முடியாது.

அங்க ஒரு பேப்பர் நீட்டுவாங்க பாருங்க, அதுதான் பொறி. வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடவே போடாதீங்க. எழுதியிருந்தா முழுசா படிங்க. ஒரு வருஷம் அமைதியா இருப்பேன்னு பாண்ட் எழுதி வாங்கிட்டு, நாளைக்கு வேற எதுக்கோ அதை எடுத்து ஆட்டுவாங்க. சும்மா ஃபார்மாலிட்டிதான்னு எந்த ஏட்டையா சொன்னாலும் நம்பாதீங்க, என்கிட்ட வர்ற பசங்க பாதிப்பேர் ஃபார்மாலிட்டில மாட்டினவங்கதான்.

பாஸ்போர்ட்? வெறும் எஃப்ஐஆர் இருந்தா அது நின்னுடாது, கோர்ட் கேசை விசாரணைக்கு எடுத்து அதுக்கு நம்பர் போட்ட பிறகுதான் அந்தப் பேச்சே, அப்பவும் அந்தக் கோர்ட்லயே அனுமதி வாங்கி எடுக்கலாம். வெரிஃபிகேஷன் டேபிள்ல இழுத்தடிப்பாங்க, அது வேற கதை, அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு பிரஷர் ஏறும்.

ஒரே ஒரு விஷயம், இதைக் கவனமா கேளுங்க. ஆர்வக்கோளாறுல தேசியக்கொடியைத் தோள்ல போத்திட்டு அதுல மார்க்கர் பேனாவால வாசகம் எழுதிட்டு வராதீங்க. கொடி மேல எழுத்து எழுதுறது 1971 தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்துல குத்தம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கொடியை இடுப்புக்குக் கீழ கட்டுறதும் அப்படியே, டிரெஸ் துணில பிரிண்ட் பண்றதும் அப்படியே. "நல்ல வாசகம்தானே சார்"ன்னு கேப்பீங்க, ஜெய்ஹிந்துன்னே எழுதினாலும் எழுத்து எழுத்துதான். ஆகஸ்ட் 15க்கு எத்தனை பேர் கொடி போட்ட கர்ச்சீப் விக்கிறான், அவனை ஒருத்தரும் கேக்கறதில்ல, உங்களை மட்டும் கேப்பாங்க. பிளெயின் கருப்பு சட்டை போதும்.

உள்ள விடலைனாலும் பட்டம் எங்கயும் போகாது, விழாவுக்கு வராதவங்களுக்கு தபால்ல அனுப்புற முறை இருக்கு, ஃபீஸ் கொஞ்சம் கூட ஆகலாம். அந்த ஃபார்மை யுனிவர்சிட்டி ஆபீஸ்லயே கேட்டு வாங்குங்க, வெளிய ஜெராக்ஸ் கடைல 500 ரூபாய்க்கு "நான் பாத்துக்கறேன்"ன்னு ஒருத்தர் இருப்பார், அவரும் உங்க 5,000 ரூபாய்க்காரரும் அநேகமா ஒரே டீக்கடைதான்.