வேலை போச்சு, மூணு நாலு மாசம் வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாது போல. விட்டுடலாமா, வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா?

உங்கள் நிலவரம் இது: திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அமெரிக்க ஆர்டர் குறைந்ததில் வேலை போய்விட்டது. அவிநாசிப் பக்கம் வீடு, 25 லட்சம் கடன், 20 வருடம், 9 விழுக்காடு வட்டி, 5 வருடம் ஒழுங்காகக் கட்டியாயிற்று. அடுத்த வேலை கிடைக்க மூன்று நான்கு மாதம் ஆகும்.

விடவும் வேண்டாங்க, வெளியில் வட்டிக்கு வாங்கவும் வேண்டாம். 9 விழுக்காடு என்பது நம் ஊர்க் கணக்கில் முக்கால் ரூபாய் வட்டி. அதை அடைக்க 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 36 விழுக்காடு. வீட்டுக் கடனை விட நாலு மடங்கு விலையில் பணம் வாங்கி வீட்டுக் கடனைக் கட்டுகிறீர்கள். மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்ற கந்துவட்டி பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். வீட்டை இழந்தவர்களில் பலர் வங்கியால் அல்ல, வங்கிக்குக் கட்டுவதற்காக வாங்கிய இந்தக் கடனால்தான் இழந்தார்கள்.

முதலில் உங்கள் கடனைப் பிரித்துப் பாருங்கள். மாதத் தவணை 22,493 ரூபாய். ஐந்து வருடம் கட்டிய பிறகு அசல் பாக்கி சுமார் 22,17,700. இந்த மாதத் தவணையில் வட்டி மட்டும் 16,633, அசலுக்குப் போவது 5,860தான். மூன்று மாதம் ஒன்றுமே கட்டாமல் விட்டால் அந்த வட்டி அசலோடு சேர்ந்து பாக்கி 22,68,000 ஆகும். பிறகு அதே தவணையைக் கட்டினால் கடன் முடிவது மூன்று மாதம் தள்ளிப் போகாது, சுமார் ஒரு வருடம் தள்ளிப் போகும். கையை விட்டுப் போவது ஏறத்தாழ 2 லட்சம். அதே மூன்று மாதமும் வட்டியை மட்டும் கட்டினால் கடன் மூன்று மாதம்தான் நீளும், கூடுதல் செலவு 50,000. இரண்டு கணக்கிலும் அபராதக் கட்டணம் தனி. ஆகவே நீங்கள் திரட்ட வேண்டியது மாதம் 22,493 அல்ல, 16,633.

அடுத்தது 90 நாள் கணக்கு. பலர் தவறுவது இங்கேதான். உங்கள் தவணை நாள் 5ஆம் தேதி, ஜூன் 5 தவணையை விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி நாள் ஜூன் 5லிருந்தே ஓடும். ஆகஸ்ட் 4 வந்தால் 60 நாள், செப்டம்பர் 3 இரவு கணக்கு முடிக்கும்போது 90 நாள், கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். 'நாலாவது தவணை வரைக்கும் டைம் இருக்கு' என்ற பேச்சு தப்பு. நாலாவது தவணை நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கதவு சாத்திவிடும். வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணை கட்டினால் பழைய நிலைக்கு வராது, தவறிய தவணைகள் எல்லாவற்றையும் கட்டியாக வேண்டும். அதே வங்கியில் உங்களுக்கு வேறு கடன் இருந்தால் அதுவும் சேர்ந்து வாராக்கடன் ஆகும்.

இந்த நாள் ஓடுவது கட்டாமல் கிடக்கும் மிகப் பழைய தவணையிலிருந்து. செப்டம்பர் 2க்குள் ஒரே ஒரு முழுத் தவணை, 22,493, கட்டினால் ஜூன் பாக்கி தீர்ந்து கணக்கு ஜூலை 5லிருந்து ஓடும். அக்டோபர் 2 வரை மூச்சு விடலாம். ஆனால் 20,000 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் மிச்சம் 2,493க்காக ஜூன் தவணை பாக்கியாகவே நிற்கும், நாளும் நிற்காமல் ஓடும். வட்டி மட்டும் கட்ட வங்கி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மாதம் தவறாமல் 16,633 கட்டி வந்தால் முதல் மாதக் குறையை இரண்டாம் மாதப் பணம் அடைக்கும், அதன் குறையை மூன்றாம் மாதப் பணம் அடைக்கும். முதல் மூன்று மாதத்தில் பாக்கி நாள் 30ஐ ஒட்டியே நிற்கும், நாலாவது மாதம் 60ஐ ஒட்டிப் போகும், 90க்குப் போகாது. அபராதக் கட்டணம் வரும், சிபில் மதிப்பெண் குறையும், வீடு பத்திரமாக இருக்கும். 2024 முதல் அந்த அபராதத்தின் மேல் வட்டி போடக் கூடாது. போட்டிருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

பணம் கட்டும் வழியையும் மாற்ற வேண்டும். கடன் ஒரு நிறுவனத்திலும் சேமிப்புக் கணக்கு வேறு வங்கியிலும் இருந்தால், ஆட்டோ டெபிட் வரும்போது 22,493 முழுசாக இருந்தால்தான் எடுக்கும். 22,400 இருந்தால் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் பவுன்ஸ் ஆகும். கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், உங்கள் வங்கி ஒரு கட்டணம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. இந்த பவுன்ஸ் காசோலை திரும்பியது போலவே 2007ஆம் வருடப் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். அதனால் தவணை நாளுக்கு முன்பே கிளைக்குப் போய், இந்த மாதம் ஆட்டோ டெபிட் போட வேண்டாம், நேராகக் கடன் கணக்கில் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். வங்கிக் கணக்கை மூடுவது, மேண்டேட்டை (ஆட்டோ டெபிட்டுக்குக் கொடுத்த அனுமதியை) நீங்களாக நிறுத்துவது எல்லாம் ஏமாற்ற நினைத்தது போல ஆகிவிடும்.

கடிதம் தவணை தவறும் முன் போக வேண்டும். ஒரு பக்கம் போதும்: கடன் கணக்கு எண், வேலை போன தேதி, கம்பெனி கொடுத்த கடிதத்தின் நகல், 'ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 16,633 ரூபாய் வட்டியை மட்டும் கட்டுகிறேன், செப்டம்பரிலிருந்து முழுத் தவணை கட்டுகிறேன், இதற்கு அனுமதி வேண்டும்'. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். மேனேஜர் 'பார்த்துக்கலாங்க' என்று வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகாது. அவர் தயங்கினால் காரணம் உண்டு: நெருக்கடியில் இருப்பவருக்கு விதிமுறையை மாற்றினால் அது மறுசீரமைப்பு, பொதுவாக அந்தக் கணக்கை வாராக்கடனாகவே காட்ட வேண்டி வரும். ஆகவே 'எதற்காவது கையெழுத்துப் போடுங்க' என்றால் அந்தத் தாளில் மறுசீரமைப்பு என்று இருக்கிறதா, சிபிலில் எப்படிப் பதிவாகும் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். 2020இல் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கிடைத்த மாரட்டோரியம், அதாவது தவணை ஒத்திவைப்பு, கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதை இப்போது உரிமையாகக் கேட்க முடியாது.

கடன் காலத்தை நீட்டித் தருகிறோம் என்பார்கள். 15 வருடப் பாக்கியை 20 வருடமாக்கினால் தவணை 19,950 ஆகும், குறைவது 2,540தான். மொத்தத்தில் 7 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். நாலு மாதச் சிரமத்துக்கு ஐந்து வருடச் சுமை கட்டுப்படியாகாது. அதைவிட, 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 6.5லிருந்து 5.5க்கு இறங்கியபோது உங்கள் வட்டி இறங்கியதா என்று பாருங்கள். பல வங்கிகள் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்தன. காலத்தைப் பழையபடி வைத்துத் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். 9 என்பது 8 ஆனால் உங்கள் தவணை 21,190க்கு வரும்.

மாதம் 16,633க்கு வழி: வேலை போனவர் பி.எஃப். தொகையில் 75 விழுக்காடு வரை எடுக்கலாம். கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள், சிலவற்றில் வேலை இழப்புக்கு மூன்று தவணை வரை தருவார்கள். ஆனால் நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் கிடைக்காது. கம்பெனி ராஜினாமா கேட்டாலும் 'ஆள் குறைப்பு' என்று கடிதம் வாங்கப் பாருங்கள். நகை இருந்தால் கூட்டுறவு சொசைட்டியிலோ வேறு வங்கியிலோ அடகு வையுங்கள். கடன் இருக்கும் அதே வங்கியில் வைக்காதீர்கள், நகைக் கடனை அடைத்தாலும் வீட்டுக் கடன் பாக்கியைக் காட்டி நகையைப் பிடித்து வைக்க வழி இருக்கிறது.

நாலு மாதம் எட்டு மாதம் ஆகும் என்று தெரிந்தால் வீட்டை வாடகைக்கு விடுவதோ விற்பதோ இப்போதே முடிவு செய்ய வேண்டும். வாராக்கடன் ஆனபின் அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் வருட சர்ஃபாசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால், வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அந்த நோட்டீஸ் 60 நாள் தரும். அதற்குள் ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கோவையிலேயே ஒன்று இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம்.

வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களிடமும் பக்கத்து வீட்டிலும் போய்ச் சொல்லக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், உதவி எண் 14448. கடன் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் என்றால் புகார் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி.